இந்திய ஹாக்கி அணி: எழுச்சியும் தளர்ச்சியும் மீட்சியும்

முன்னுரை

நம் நாட்டின் தேசிய விளையாட்டு எது என்று கேட்டால், தொடக்கப் பள்ளி மாணவனும் தயங்காமல் ஹாக்கி என்று சொல்லிவிடுவான். பொது அறிவு நூல்களும் நெடுங்காலமாக அவ்வாறே சொல்லி வந்தன. ஆனால், எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டு என்று தாம் அறிவித்ததில்லை என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுப்பப்பட்ட வினாவுக்கு 2012ஆம் ஆண்டில் நடுவண் அரசு விடையளித்தது. அரசாணை எதுவும் இல்லாமலேயே மக்கள் மனத்தில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட விளையாட்டு ஹாக்கி.

அந்த இடம் எளிதில் கிடைத்ததன்று. ஒலிம்பிக் பந்தயங்களில் இந்திய ஆடவர் ஹாக்கி அணி இதுவரை 8 தங்கம், 1 வெள்ளி, 4 வெண்கலம் என 13 பதக்கங்களை வென்றிருக்கிறது. ஒலிம்பிக் ஆடவர் ஹாக்கியில் வேறெந்த நாடும் இத்தனை தங்கம் பெற்றதில்லை. ஆனால் அந்த எட்டில் ஏழு தங்கப் பதக்கங்கள் 1928 முதல் 1964 வரையிலான காலத்தில் வந்தவை. எட்டாவது 1980இல் வந்தது. அதன்பின் இன்றுவரை தங்கம் இல்லை.

ஏன் இப்படி? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆட்டக்காரரின் கையையும் கோலையும் மட்டும் பார்த்தால் விடை முழுமையாகக் கிடைக்காது. அவருடைய காலுக்குக் கீழே உள்ள தரையையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, நெல்லையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோவில்பட்டிக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு என்பது தெரியவரும்.

வித்து விழுந்த கதை

ஹாக்கியைத் தமிழில் வளைகோல் பந்தாட்டம் என்பர். முனை வளைந்த கோலால் சிறு பந்தை அடித்து, எதிரணியின் கோலுக்குள் செலுத்தும் ஆட்டம் இது. அணிக்குப் பதினொருவர். இன்றைய வடிவில் இது இங்கிலாந்தில் உருவாகி, ஆங்கிலேயப் படையினர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. படை முகாம்கள் இருந்த ஊர்களிலெல்லாம் ஆட்டம் பரவியது. கல்கத்தாவில் 1895ஆம் ஆண்டில் பெய்ட்டன் கோப்பைப் போட்டி தொடங்கியது. அடுத்த ஆண்டே பம்பாயில் ஆகாகான் கோப்பைப் போட்டி பிறந்தது.

1925ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் குவாலியரில் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இந்தியப் படையின் அணி ஒன்று நியூசிலாந்துக்குச் சென்று, 21 ஆட்டங்களில் 18 வெற்றி பெற்றுத் திரும்பியது. அந்த அணியில் இருபது வயது நிரம்பிய ஓர் எளிய சிப்பாய் இருந்தார். அவர் பெயர் தியான் சந்த்.

பொற்காலம்

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முறையாகக் களமிறங்கியது. அணித்தலைவர் ஜெய்பால் சிங் முண்டா. பழங்குடி இனத்திலிருந்து வந்து ஆக்ஸ்போர்டில் பயின்றவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களின் குரலாக விளங்கியவர். ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்த கோல்கள் 29. வாங்கியது ஒன்றுகூட இல்லை! இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-0 என வென்றது. தியான் சந்த் மட்டும் அத்தொடரில் 14 கோல்கள் அடித்தார்.

1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ். பொருளாதார மந்தத்தால் மூன்றே நாடுகள்தாம் ஹாக்கிக்கு வந்திருந்தன. லால் ஷா புகாரியின் தலைமையில் ஆடிய இந்தியா, ஜப்பானை 11-1 எனவும், அமெரிக்காவை 24-1 எனவும் தோற்கடித்தது. அமெரிக்காவுக்கு எதிராகத் தியான் சந்தின் தம்பி ரூப் சிங் 10 கோல்களும், தியான் சந்த் 8 கோல்களும் அடித்தனர். தம்பியும் தமையனும் சேர்ந்து ஒரே ஆட்டத்தில் 18 கோல்கள்!

1936இல் பெர்லினில் தியான் சந்தே அணித்தலைவர். தொடருக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என வீழ்த்தியிருந்தது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதியாட்டம் ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. எதிரில் அதே ஜெர்மனி. தரை ஈரமாக இருந்தது. இடைவேளையின்போது இந்தியா ஒரேயொரு கோல் மட்டுமே முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பகுதியில் தியான் சந்த் முள் பதித்த காலணிகளைக் கழற்றிவிட்டு ஆடினார் என்று சொல்வர். முடிவில் இந்தியா 8-1 என வென்றது. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தரைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டவன் வென்றான். இக்கருத்து பின்னால் நமக்குப் பயன்படும்.

விடுதலைக்குப் பின்

1947இல் நாடு பிரிந்தபோது ஹாக்கி அணியும் பிரிந்தது. நேற்றுவரை தோளோடு தோள் நின்று ஆடியவர்கள் எல்லைக்கு அப்பால் போயினர். லதீபுர் ரகுமான், அக்தர் உசேன் ஆகிய இருவரும் 1948இல் இந்தியாவுக்காகத் தங்கமும், 1956இல் பாகிஸ்தானுக்காக வெள்ளியும் வென்றவர்கள் என்பதை நினைக்கும்போது பிரிவினையின் வலி நன்கு விளங்கும்.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், லண்டன் வெம்பிளி அரங்கில், ஓராண்டுக்கு முன்புவரை நம்மை ஆண்ட பிரிட்டனை இந்தியா 4-0 என வென்றது. அணித்தலைவர் கிஷன் லால். இரண்டு கோல்கள் அடித்த பல்பீர் சிங் அன்று உலகறிந்த வீரரானார். விடுதலை பெற்ற இந்தியாவின் கொடி ஒலிம்பிக்கில் முதன்முதலாக உயர்ந்தது இந்த வெற்றியால்தான்.

1952இல் ஹெல்சிங்கியில் கே. டி. சிங் பாபுவின் தலைமையில் மீண்டும் தங்கம். நெதர்லாந்துக்கு எதிரான இறுதியாட்டத்தில் இந்தியா அடித்த ஆறு கோல்களில் ஐந்து பல்பீர் சிங்குடையவை. 1956இல் மெல்போர்னில் பல்பீரே தலைமை தாங்கினார். ஐந்து ஆட்டங்களில் 38 கோல்கள் அடித்து, ஒன்றும் வாங்காமல், இறுதியில் பாகிஸ்தானை 1-0 என இந்தியா வென்றது. கோல் காத்தவர் சங்கர் லட்சுமண்.

1928 முதல் 1960இன் அரையிறுதி வரை ஒலிம்பிக்கில் இந்தியா ஆடிய 30 ஆட்டங்களிலும் வெற்றியே கண்டது. தோல்வியோ சமநிலையோ ஒன்றுமில்லை. 1960இல் ரோம் நகரில்தான் அந்தச் சங்கிலி அறுந்தது. இறுதியாட்டத்தில் பாகிஸ்தான் 1-0 என வென்று தங்கத்தை எடுத்துச் சென்றது. 1964இல் டோக்கியோவில் சரண்ஜித் சிங்கின் தலைமையில் அதே பாகிஸ்தானை அதே 1-0 என்ற கணக்கில் வென்று இந்தியா பழிதீர்த்தது. அது ஏழாவது தங்கம்.

1968இலும் 1972இலும் வெண்கலம்தான் கிடைத்தது. ஐரோப்பிய நாடுகள் விழித்துக்கொண்டதற்கு அதுவே அறிகுறி. எனினும் 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பையை அஜித்பால் சிங்கின் தலைமையில் இந்தியா வென்றது. இறுதியாட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தவர் தியான் சந்தின் மைந்தர் அசோக் குமார். சென்னை ரசிகர்கள் நன்கறிந்த வி. ஜே. பிலிப்ஸ் அந்த அணியில் இடம்பெற்றிருந்தார். இந்தியா இதுவரை வென்ற ஒரே உலகக் கோப்பை அதுதான்.

தரை மாறியது

மறு ஆண்டு, 1976இல், மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கிப் போட்டிகள் முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் நடத்தப்பட்டன. உலகக் கோப்பையை வென்று ஓராண்டே ஆகியிருந்த இந்தியா, ஆஸ்திரேலியாவிடம் 1-6 எனத் தோற்று, ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அதுவரை ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பதக்கம் இல்லாமல் திரும்பியதே இல்லை.

தரை மாறியதால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று சிலர் கேட்கலாம். சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மண்தரையிலும் புல்தரையிலும் பந்து சீராக ஓடாது. சிறு மேடு, சிறு பள்ளம், ஒரு கூழாங்கல் போதும். பந்து துள்ளும், திசை மாறும். அப்படி வரும் பந்தை நிறுத்துவதற்கே தனித்திறமை வேண்டும். மணிக்கட்டு நெகிழ்வாக இருக்க வேண்டும். கண் கூர்மையாக இருக்க வேண்டும். நம்மவர்கள் சிறுவயது முதலே கரடுமுரடான திடல்களில் ஆடிப் பழகியவர்கள். பந்தைக் கோலோடு ஒட்டவைத்துக்கொண்டு, இடமும் வலமும் உருட்டி, எதிரியை ஏமாற்றி, அருகிலிருக்கும் தோழனுக்குக் குறுகிய தூரத்தில் தட்டிக் கொடுத்து முன்னேறுவது அவர்களுடைய பாணி. அந்தத் தரையில் வேகத்தைவிடக் கைத்திறனுக்கே மதிப்பு அதிகம்.

செயற்கைத் தரையில் நிலைமை வேறு. அது மேசைப் பலகைபோலச் சமமானது. பந்து கோடு போட்டதுபோல நேராகவும் மிக விரைவாகவும் ஓடும். திடலின் ஒரு முனையிலிருந்து ஓங்கி அடித்தால் மறுமுனையில் நிற்பவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். பந்தை நிறுத்துவது எளிதாகிவிட்டதால், கைத்திறனால் நாம் பெற்றிருந்த கூடுதல் வலிமை குறைந்தது. அதற்குப் பதிலாக ஓட்டமும் உடல் வலிமையும் திட்டமிட்ட ஆட்டமும் முன்னுக்கு வந்தன. பெனால்டி கார்னர் என்ற வாய்ப்பு முன்னைவிடக் கொடிய ஆயுதமாயிற்று. கோலின் வளைவில் பந்தை ஏந்தி இழுத்துச் சுழற்றி எறிவதுபோல் அடிக்கும் டிராக் பிளிக் முறை பின்னர் வளர்ந்தபோது, அதில் தேர்ந்த ஒருவர் இருந்தாலே ஓர் அணி பல ஆட்டங்களை வென்றுவிடலாம் என்னும் நிலை உருவானது.

இத்தோடு பணமும் சேர்ந்துகொண்டது. இத்தரையை அமைக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருந்தால்தான் பந்து சீராக ஓடும். ஆட்டக்காரர் விழுந்தாலும் தோல் உரியாது. அதற்கு ஆட்டத்துக்கு ஆட்டம் ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் வேண்டும். நெதர்லாந்தும் ஜெர்மனியும் ஆஸ்திரேலியாவும் ஊர்தோறும் அத்தரைகளை அமைத்துக்கொண்டன. நம் நாட்டில் அவை பரவப் பல்லாண்டுகள் பிடித்தன. பள்ளியிலும் கல்லூரியிலும் மண்ணில் ஆடி வளர்ந்த இளைஞன், தேசிய முகாமுக்குத் தேர்வானபின்தான் செயற்கைத் தரையைக் கண்ணால் கண்டான். தெப்பக்குளத்தில் நீந்தப் பழகியவனை ஐப்பசி வெள்ளத்தில் தாமிரபரணியில் இறக்கிவிட்டதற்கு ஒப்பானது இது.

தரையே ஆட்டக்காரரைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கனடா நாட்டில் ஹாக்கி என்றால் பனிக்கட்டியின்மீது சறுக்கிக்கொண்டு ஆடும் பனி ஹாக்கியைத்தான் குறிக்கும். அதற்கும் இந்தியாவுக்கு ஒரு தேசிய அணி இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். 1989இல் உலகப் பனி ஹாக்கிக் கூட்டமைப்பில் உறுப்பினரான இந்தியா, 2009இல்தான் முதன்முதலாகப் பன்னாட்டுத் தொடரில் ஆடியது. அவ்வணிக்கு வீரர்களைத் தருவது பெரும்பாலும் லடாக். அங்கே குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துவிடுகின்றன, அவையே ஆடுகளம். குளம் உருகினால் பயிற்சியும் நின்றுவிடும். ஆண்டு முழுவதும் உள்ளரங்கப் பனித்தரையில் பழகும் நாடுகளோடு அவர்கள் போட்டியிடுவது எத்தனை கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

தரை மட்டுமே காரணமா?

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செயற்கைத் தரை வந்ததால்தான் தோற்றோம் என்று முழுப் பழியையும் அதன்மேல் போட்டுவிட முடியாது. பாகிஸ்தானும் நம்மைப் போன்ற நாடுதான். அதே மண், அதே பாணி, அதே வறுமை. ஆயினும் அது 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக் தங்கமும், 1994இல் சிட்னியில் உலகக் கோப்பையும் செயற்கைத் தரையிலேயே வென்றது. மாற்றத்துக்கு ஏற்பத் தம்மைத் திருத்திக்கொள்வதில் நம் நிருவாகிகள் பின்தங்கினர் என்பதே உண்மை. அடிக்கடி மாறிய பயிற்சியாளர்களும் ஓயாத உட்பூசல்களும் அணியை அரித்தன. 2008இல் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பே இடைநீக்கம் செய்யப்பட்டு, பின்னர் ஹாக்கி இந்தியா என்ற புதிய அமைப்பு உருவாக நேர்ந்தது.

இடையில் 1980இல் மாஸ்கோவில் ஒரு தங்கம் கிடைத்தது. அணித்தலைவர் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்குத் தமிழர் ஒருவர் தலைமை தாங்கினார் என்பது நமக்குப் பெருமை. ஆப்கானிஸ்தான் சிக்கலால் பல நாடுகள் அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன. ஹாக்கியில் ஆறு அணிகளே ஆடின. அதைச் சொல்லி அவ்வெற்றியைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. ஆனால் இறுதியாட்டத்தில் ஸ்பெயின் விடாமல் துரத்திவர, செயற்கைத் தரையில் 4-3 என வென்றது இந்திய அணி. வராதவர்களுக்காக வந்தவர்களைக் குறை சொல்வது முறையன்று.

இரண்டே ஆண்டுகளில், 1982இல் டில்லி ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில், சொந்த மக்களின் கண்முன்னே பாகிஸ்தானிடம் 1-7 எனத் தோற்றோம். அதன்பின் ஒலிம்பிக்கில் நம் இடத்தைப் பாருங்கள்: 1984இல் ஐந்து, 1988இல் ஆறு, 1992இல் ஏழு, 1996இல் எட்டு. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கியதைப்போல இறங்கினோம். 2000இலும் 2004இலும் ஏழாம் இடம். 2008இல் பீகிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே முடியவில்லை. 2012இல் லண்டனில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டாவது, அதாவது கடைசி இடம். 1948இல் கொடியேற்றிய அதே லண்டன்!

இந்த இருண்ட காலத்திலும் சில விளக்குகள் எரிந்தன. அவற்றுள் ஒளிமிக்கவர் தன்ராஜ் பிள்ளை. தமிழ்ப் பெற்றோருக்குப் புணே அருகிலுள்ள கட்கியில் பிறந்தவர். எளிய குடும்பம், உடைந்த கோல்களைக் கொண்டு ஆடிப் பழகிய இளமை. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை என ஆடியவர். அவருடைய தலைமையில் 1998இல் பாங்காக்கில் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. அதற்கு முன் அத்தங்கம் கிடைத்தது 1966இல். இடைவெளி 32 ஆண்டுகள்.

மீட்சி

வீழ்ந்தவன் எழ முடியும் என்பதற்கு அடுத்த பத்தாண்டுகள் சான்று. 2014இல் ஆசிய விளையாட்டுத் தங்கம் மீண்டும் கிடைத்தது. 2016இல் ரியோவில் எட்டாம் இடம் என்றாலும் ஆட்டத்தில் முன்னேற்றம் தெரிந்தது. 2018 முதல் ஒடிசா மாநில அரசு தேசிய அணிக்குப் புரவலராக நின்றது. ஒரு மாநில அரசு ஒரு நாட்டின் அணியைத் தாங்குவது புதுமை. 2018, 2023 ஆகிய இரு உலகக் கோப்பைப் போட்டிகளும் ஒடிசா மண்ணிலேயே நடைபெற்றன.

கொரோனா நோயால் ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை எதிர்கொண்டது. ஒரு கட்டத்தில் 1-3 எனப் பின்தங்கியிருந்த அணி, அடுத்தடுத்து நான்கு கோல்கள் அடித்து முன்னேறியது. முடிவில் 5-4. கடைசி நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைக் கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ் தடுத்தபோது, 41 ஆண்டுக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. அணித்தலைவர் மன்பிரீத் சிங்.

2023இல் சீனத்தின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம். 2024இல் பாரிஸில் மீண்டும் ஒலிம்பிக் வெண்கலம். அங்கே ஒலிம்பிக்கில் 1972க்குப் பின் முதன்முறையாக ஆஸ்திரேலியாவை 3-2 என வென்றோம். காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பத்துப் பேரோடு ஆடிச் சமன்செய்து, பெனால்டி சூட் அவுட்டில் வென்றது இந்தியா. ஸ்பெயினை 2-1 என வென்ற வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங். 2025இல் பீகாரின் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பையும் நமக்கே.

இம்மீட்சிக்குக் காரணம் என்ன? கைத்திறனை இந்தியர் இழந்துவிடவில்லை. அதோடு ஓட்டத்தையும் உடல் வலிமையையும் சேர்த்துக்கொண்டனர். பெனால்டி கார்னரில் தேர்ந்தவர்களை உருவாக்கினர். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே செயற்கைத் தரையில் கால் வைத்த ஒரு தலைமுறை வளர்ந்து வந்தது. தரைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டவன் மீண்டும் வென்றான்.

நம் சீமையும் ஹாக்கியும்

இனி நம் பக்கம் திரும்புவோம். சென்னை எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் பன்னாட்டுப் போட்டிகள் பலவற்றைக் கண்டது. 2007இல் ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா கொரியாவை 7-2 என வென்றதும், 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் 1-3 எனப் பின்தங்கியிருந்து மலேசியாவை 4-3 என வென்றதும் அவ்வரங்கில்தான். 2025இல் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. 24 நாடுகள் பங்கேற்றன. நமக்கு அண்மையிலுள்ள மதுரையில் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடைபெறும் என்று பத்தாண்டுகளுக்கு முன் யாரேனும் சொல்லியிருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம்.

ஆனால் தென்தமிழகத்தில் ஹாக்கியின் தாயகம் கோவில்பட்டியே. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும், 1986இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அவ்வூர் நம் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்ததே. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்ற அந்தக் கரிசல் பூமியில், பல தலைமுறைகளாக ஹாக்கி வேரூன்றியிருக்கிறது. ஊர்ப் பெயரையே ‘ஹாக்கிப்பட்டி’ என்று மாற்றி அழைக்கும் அளவுக்கு அந்த ஆட்டத்தின்மீது அவர்களுக்குப் பற்று. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியில் நாட்டின் முன்னணி அணிகள் வந்து ஆடும்போது, மாலை நேரங்களில் ஊரே திடலில் கூடிவிடுகிறது.

கரிசல் மண்ணின் இயல்பு நமக்குத் தெரியும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். அத்தகைய நிலத்திலுள்ள ஊரில் எத்தனையோ திறமையான இளைஞர்கள் ஆடினர். அவர்களுள் சிலர் மாநில அணிவரை சென்றனர். அதற்குமேல் ஏறும் ஏணி பலருக்கு எட்டவில்லை. பின்னர் அவ்வூரில் செயற்கைப் புல்தரை அரங்கம் அமைந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்புப் பயிற்சி மையமும் அங்கே இயங்கியது. வெளியூர் மாணவர்களும் தங்கிப் பயில வழி பிறந்தது.

விளைவு என்ன தெரியுமா? 2022ஆம் ஆண்டு மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆடிய இந்திய அணியில், இந்த மண்ணில் பயின்ற இரண்டு தமிழ் இளைஞர்கள் இடம்பெற்றனர். ஒருவர் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல். மற்றவர் அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம். இருவரும் எளிய உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள். முதல் ஆட்டம் பாகிஸ்தானோடு. தம் முதல் பன்னாட்டு ஆட்டத்திலேயே, ஒன்பதாம் நிமிடத்தில், இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி செல்வம். இந்தியா அத்தொடரில் வெண்கலம் வென்றது. மறு ஆண்டு சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் கார்த்தி இருந்தார்.

இவ்விருவரும் தம் முன்னோரைவிடத் திறமை மிகுந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோவில்பட்டியின் பழைய ஆட்டக்காரர்களிடமும் அதே மணிக்கட்டு இருந்தது. அதே ஆர்வம் இருந்தது. இல்லாதது தரை ஒன்றுதான். உரிய வயதில் உரிய தரை கிடைத்ததும் அவ்வூரின் கைத்திறன் நாட்டின் கண்ணுக்குத் தெரிந்தது. இந்திய அணியின் நூறாண்டு வரலாறு சொல்லும் பாடத்தை, நம் கண்ணெதிரே ஒரு சிற்றூர் சுருக்கமாகச் சொல்லிக் காட்டிவிட்டது.

முடிவுரை

தாமிரபரணியின் இரு கரையிலும் உள்ள ஊர்களில் இன்று மாலை நேரத்தில் சென்று பாருங்கள். அறுவடை முடிந்த வயலிலும் வறண்ட குளத்திலும் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவதைக் காணலாம். அதில் தவறில்லை. அந்த ஆட்டத்துக்கு ஒரு மட்டையும் ஒரு பந்தும் மூன்று குச்சிகளும் போதும். எந்தத் தரையும் போதும். ஹாக்கி அப்படியன்று. ஆளுக்கொரு கோல் வேண்டும். கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். இக்காலத்தில் ஓரளவேனும் செயற்கைத் தரையில் பழகும் வாய்ப்பும் வேண்டும். இவை கிடைக்காதபோது, பள்ளியில் ஹாக்கிக் கோல் பிடித்த மாணவன் கல்லூரிக்கு வந்ததும் அதைக் கீழே வைத்துவிடுகிறான். அவனுக்குத் திறமை இல்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

எல்லாக் கல்லூரிகளிலும் கோடிக்கணக்கான ரூபாயில் தரை அமைப்பது நடவாத காரியம். அமைத்தாலும், கோடையில் குடிநீருக்கே குடத்தோடு நிற்கும் ஊர்களில் அதற்கு நீர் பாய்ச்சுவது நியாயமும் ஆகாது. ஆனால் ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு நல்ல தரை இருக்கும்போது, கல்லூரி அணிகள் முறைவைத்து, மாதம் இரண்டு நாளேனும் அங்கே சென்று பழக வழிசெய்யலாம். போட்டிக்கு முதல்நாள் மட்டும் அணியைத் திரட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, ஆண்டு முழுவதும் பயிற்சி தரலாம். முன்னாள் ஆட்டக்காரர்கள் நம் ஊர்களில் பலர் இருக்கிறார்கள். அழைத்தால் மகிழ்ந்து வருவார்கள்.

பெர்லினில் தியான் சந்த் ஈரத்தரைக்கேற்பக் காலணியைக் கழற்றினார். மான்ட்ரியலில் நாம் மாறத் தவறினோம். டோக்கியோவில் மாறிக் காட்டினோம். அடுத்து அந்த நீலச் சட்டையை அணியப்போகும் இளைஞன், நம் வகுப்பறையின் கடைசி இருக்கையில் இன்று அமர்ந்திருக்கலாம். அவன் காலுக்கு ஒரு தரையைத் தேடித் தருவது நம் கடமை. மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.